முற்றம் வைத்த பொம்மை வீடு: குழந்தைகளுக்கு ஒரு செயலி செய்தபோது எழுதிய குறிப்புகள்

மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மை வீட்டு விளையாட்டு செய்யலாம் என்று உட்கார்ந்ததும் முதலில் தாளில் எழுதி வைத்தது இதுதான்: இந்தச் செயலி குழந்தையிடம் எதையும் கேட்காது. மதிப்பெண் இல்லை, நேரக் கணக்கு இல்லை, 'சபாஷ்' என்று வெடிக்கும் நட்சத்திரங்கள் இல்லை, தப்பு என்று சொல்லும் சத்தமும் இல்லை. வீடு திறந்திருக்கும். உள்ளே ஆட்கள், பாத்திரம் பண்டம், ஊஞ்சல், கிணறு எல்லாம் இருக்கும். எதை எடுத்து எங்கே வைத்தாலும் வீடு அதற்கு ஒரு பதில் சொல்லும்.

சொல்வதற்கு எளிதுதான். ஆனால் கேள்வி கேட்கிற விளையாட்டில் பதிலைக் குழந்தை யோசிக்கிறது. இங்கே அந்த வேலை முழுக்கச் செய்பவர் தலையில் விழுகிறது. டம்ளரைக் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் நிறைய வேண்டும். நிறைந்த டம்ளரைப் பாட்டியின் வாயருகே கொண்டுபோனால் பாட்டி குடிக்க வேண்டும். தலையில் கவிழ்த்தால்? துளசி மாடத்தில் ஊற்றினால்? பூனை முன்னால் வைத்தால்? எங்கேயாவது ஓரிடத்தில் பதில் வரவில்லை என்றால் அந்த இடம் வெறும் படமாகிவிடும். குழந்தை அங்கே மறுபடி கை வைக்காது.

இந்த வகை விளையாட்டு புதிதல்ல. ஸ்டாக்ஹோமின் டோக்கா போக்கா நிறுவனம் 2011 முதல் குழந்தைகளுக்கான இப்படிப்பட்ட செயலிகளை வெளியிட்டு வருகிறது. அதே வழியில் வேறு பலரும் வந்துவிட்டார்கள். அவற்றில் நான் பார்த்த வீடுகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பொம்மை வீட்டின் அமைப்பில்தான் இருக்கின்றன. முன்சுவரைத் திறந்தால் மாடிக்கு மேல் மாடியாக அறைகள் தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் பவேரியப் பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்ட் செய்வித்த வீட்டிலிருந்து இன்று கடையில் விற்கும், நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு (1:12) அளவு வீடு வரைக்கும் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

எனக்கு வேறு வீடு வேண்டியிருந்தது. தஞ்சைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும். தெருவாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை பார்வை போகும். அப்படி ஒரு வீட்டை நெடுக்காக வெட்டிப் பார்த்தால், படுக்கைவாட்டில் பிடித்த போன் திரையில் இடமிருந்து வலமாக நகர்த்திப் பார்க்கிற படம் தானாகவே கிடைத்துவிடுகிறது. மாடிப்படி தேவையில்லை, அறை மாற்றும் பொத்தான் தேவையில்லை. விரலால் இழுத்தால் தெருவிலிருந்து கொல்லை வரை நடந்துவிடலாம். முற்றத்துக்கு மேலே வானம் திறந்திருப்பதால் வீட்டுக்குள்ளேயே மழையும் பெய்யும். இந்த ஒரு முடிவு எடுத்த பிறகு பாதி வடிவமைப்பு முடிந்த மாதிரிதான்.

பண்டங்களின் பட்டியலுக்கு அம்பாசமுத்திரம் மரச்சொப்பு இருக்கவே இருக்கிறது. அம்மி குழவி, ஆட்டுக்கல், உரல் உலக்கை, திருகை, குடம், சொம்பு, அடுப்பு, இட்லிப் பானை. குழந்தை விளையாடுவதற்கு எது வேண்டும் என்பதை அந்தத் தச்சர்கள் எப்போதோ தேர்ந்தெடுத்து வைத்துவிட்டார்கள். அதோடு இன்றைய வீட்டுச் சாமான்கள் சிலவற்றைச் சேர்த்தேன்: மிக்ஸி, டேபிள் ஃபேன், பிளாஸ்டிக் வாளி, கேஸ் அடுப்பு. மொத்தம் 60 பொருட்கள்.

செய்தது கோடாட் 4 எஞ்சினில், அதாவது விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளில். இலவசம், யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம், இரு பரிமாண வேலைக்கு இலகுவானது. படங்கள் கிரீட்டா என்ற வரையும் மென்பொருளில். ஓடிப் பார்த்தது 2 ஜிபி ராம் கொண்ட பழைய டேப்லெட்டில். பல வீடுகளில் குழந்தை கைக்குப் போவது பெரியவர்கள் பயன்படுத்தி முடித்த பழைய கருவிதான் என்பதால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

சின்னக் குழந்தை திரையைத் தொடும் விதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். டேப்லெட்டைப் பிடித்திருக்கும் இடது கைக் கட்டைவிரல் திரை ஓரத்தில் படிந்தே இருக்கும். வலது கை ஆட்காட்டி விரல் பொம்மையைத் தொடும்போது நடுவிரலும் லேசாகப் படும். சில சமயம் உள்ளங்கையின் விளிம்பும் படும். கோடாட்டில் 'எமுலேட் மவுஸ் ஃப்ரம் டச்' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். தொடுதலை மவுஸ் கிளிக்காக மாற்றித் தருவது அதன் வேலை. அது முதலில் பட்ட விரலை மட்டும் மவுஸாக எடுத்துக்கொள்கிறது. இங்கே முதலில் படுவது எப்போதும் அந்த இடது கட்டைவிரல். அதனால் வலது கை எதைத் தொட்டாலும் வீடு அசையாமல் நின்றது.

அந்த அமைப்பை அணைத்துவிட்டு, தொடுதல் நிகழ்வுகளை நேரடியாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு விரலுக்கும் எஞ்சின் ஓர் எண் தருகிறது. எந்த எண் எந்தப் பொருளைப் பிடித்திருக்கிறது என்று ஓர் அகராதியில், அதாவது எண்ணையும் பொருளையும் ஜோடியாகக் குறித்து வைக்கும் பட்டியலில், வைத்துக்கொண்டால் போதும். பத்து விரலும் பத்துப் பொருளைப் பிடிக்கலாம். இரண்டு குழந்தைகள் ஒரே டேப்லெட்டில் சண்டையில்லாமல் விளையாட முடிந்ததும் இதனால்தான். எதையும் பிடிக்காமல் வெறும் சுவரில் படிந்திருக்கும் விரல் வீட்டை நகர்த்த வேண்டும் என்றால், அது குறைந்தது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும் என்று விதி வைத்தேன். அசையாத கட்டைவிரல் கணக்கிலேயே வராது.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் மறைவாக இருந்தது. திடீரென்று ஒரு பொம்மை அந்தரத்தில் தொங்கும். கீழே இறங்கவே இறங்காது. பல ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று விரலால் கீழே இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி உண்டு. குழந்தையின் கை அதைத் தற்செயலாகச் செய்துவிடும். அந்த நொடியில் இயங்குதளம் விரல்களைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, செயலிக்கு 'தொடுதல் ரத்து' என்று மட்டும் சொல்கிறது. அதையும் விரலை எடுத்ததாகவே கணக்கில் கொள்ள வேண்டும். செயலி பின்னணிக்குப் போகும்போதும் அகராதியைக் காலி செய்து, கையிலிருந்த எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட வேண்டும்.

அடுத்தது அளவு. ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்சத் தொடுபரப்பு 48 டிபி (திரையில் நீளத்தைக் குறிக்க ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அலகு). ஓர் அங்குலத்துக்கு 160 டிபி என்பதால் அது சுமார் 7.6 மில்லிமீட்டர். பெரியவர்களுக்குச் சரி. மூன்று வயதுக் கைக்கு நான் வைத்துக்கொண்டது 2 சென்டிமீட்டர், அதாவது 126 டிபி. ஆனால் கரண்டியையும் வளையலையும் அவ்வளவு பெரிதாக வரைந்தால் வீடு கோணலாகிவிடும். அதனால் படத்தைத் தொடவில்லை, தேடலை அகலப்படுத்தினேன். விரல் பட்ட புள்ளியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். அதற்குள் இருப்பவற்றில் அருகிலுள்ளது கைக்கு வரும். இரண்டு பொருள் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருந்தால் சிறியதுக்கு முன்னுரிமை. பானைக்குள் கிடக்கும் கரண்டியை எடுக்கப் போகிற குழந்தைக்குப் பானை வந்தால் எரிச்சலாக இருக்கும். பானை வேண்டுமென்றால் அதன் வயிற்றில் தொட எவ்வளவோ இடம் இருக்கிறது. எடுத்த பொருள் விரலுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். இல்லாவிட்டால் விரலே அதை மறைத்துவிடுகிறது.

வைக்கும் பக்கத்துக்கு வந்தால், எஞ்சினில் உள்ள இயற்பியல் வசதியை இங்கே பயன்படுத்தவில்லை. அது டம்ளரை உருட்டும், அடுக்கிய தட்டைச் சரிக்கும், பந்தைக் கண்ணுக்குத் தெரியாத மூலைக்குக் கொண்டுபோகும். பெரிய பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. சின்னக் குழந்தை வைத்தது வைத்த இடத்தில் இருக்க வேண்டும். அதனால் திண்ணை, பெஞ்சு, அலமாரித் தட்டு, ஊஞ்சல் பலகை என்று எதன்மேல் வைக்கலாமோ அதற்கெல்லாம் ஒரு கிடைக்கோடு வரைந்து வைத்தேன். விரலை எடுத்ததும் கீழே தேடி, முதலில் அகப்படும் கோட்டில் பொருள் லேசாகத் துள்ளி உட்காரும். தரைக்கு மட்டும் கோடு போதாது, கொஞ்சம் ஆழம் உள்ள பட்டை வேண்டும். காலடி எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து முன்னே பின்னே வரையப்படும்.

இதில் பொருள் தொலைவது ஒரு தனிப் பிரச்சினை. சொம்பு பத்தாயத்துக்குப் பின்னால் விழுந்தால் குழந்தைக்கு அது இல்லாமலே போய்விட்டது. அதனால் பாதிக்கு மேல் மறைந்த எந்தப் பண்டமும் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வரும்படி செய்தேன். ஆனால் ஆட்களுக்கு இந்த விதி பொருந்தவில்லை, ஏனென்றால் குழந்தைகள் பொம்மைகளை வேண்டுமென்றே ஒளித்து வைக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் தாத்தாவை நிறுத்திவிட்டு, தம்பியைக் கொண்டு தேடுகிறார்கள். ஒளிந்தவரை விதி வெளியே தள்ளிவிட்டால் கண்ணாமூச்சி கெட்டுவிடும். ஆட்களுக்கு வேறு பதில் வைத்தேன்: கொஞ்ச நேரம் மறைந்திருந்தால் தலையை மட்டும் ஓரமாக நீட்டி ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஆளும் தொலையவில்லை, ஆட்டமும் கெடவில்லை. இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இனி வேலையின் நடுப்பகுதி. 60 பொருட்கள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்வதற்கு 1770 வழிகள். ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதினால் வருடங்கள் ஆகும். ஒரு பொருளைப் புதிதாகச் சேர்த்தாலும் இன்னும் 60 எழுத வேண்டும். அதற்குப் பதிலாகப் பொருட்களுக்குக் குணம் கொடுத்தேன். ஒவ்வொரு பொருளும் எதைத் தரும், எதை ஏற்கும் என்று ஒரு சின்னப் பட்டியல். தண்ணீர், சூடு, உணவு, வெளிச்சம், துடைப்பது, உட்கார இடம். ஆறே ஆறு குணம். குழாய் தண்ணீர் தரும். டம்ளர் தண்ணீரை ஏற்கும். நிறைந்த பிறகு தானும் தரும். ஆட்கள் தண்ணீரை வாயில் ஏற்றால் குடிப்பார்கள், தலையில் ஏற்றால் நனைவார்கள். துண்டு துடைக்கும். அடுப்பு சூடு தரும்; தண்ணீர் உள்ள பாத்திரம் சூட்டை ஏற்றால் ஆவி வரும். பூனை உணவையும் தண்ணீரையும் ஏற்கும், ஆனால் தலையில் தண்ணீர் பட்டால் ஓடிவிடும்.

இப்படி எழுதியதும் நான் நினைத்தே பார்க்காத சேர்க்கைகள் தாமாக வர ஆரம்பித்தன. வடாம் காயவைத்த தட்டை மழையில் விட்டால் வடாம் ஊறிப்போகிறது. அதைத் திரும்ப வெயிலில் வைத்தால் காய்கிறது, ஏனென்றால் முற்றத்து வெயில் சூடு தரும் பரப்பு. டேபிள் ஃபேனை நனைந்த ஆள் முன்னால் வைத்தால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் ஃபேனுக்குத் 'துடைப்பது' குணத்தைக் கொடுத்தேன். இப்போது தலைமுடி பறந்து காய்கிறது. எந்தக் குணமும் பொருந்தாத ஜோடிக்கும் ஒரு பொதுப் பதில் உண்டு: இரண்டும் லேசாகச் சாய்ந்து, தத்தம் பொருளுக்கேற்ற ஒரு சத்தம் எழுப்பும். எவர்சில்வர் என்றால் கிணுங்கும், மரம் என்றால் 'டொக்'.

மழைக்கு மேகத்தைத் தொட வேண்டும். முற்றத்தின் நடுவில் மழை விழும் பரப்பு முழுவதும் தண்ணீர் தரும் இடம்; குழாய்க்கு எழுதியதுதான் அதற்கும். அக்கா மகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, மழை வந்ததும் அவள் ஆட்களை நனைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுக்களைக்குப் போய்க் குடம், வாளி, சொம்பு, டம்ளர், இட்லிப் பானை என்று ஒவ்வொன்றாக இழுத்து வந்து முற்றத்தில் வரிசையாக வைத்தாள்.

"என்ன கண்ணு பண்ற?"

"தண்ணி பிடிச்சு வைக்கிறேன் மாமா. நாளைக்குக் குழாயில வராதுல்ல."

அவர்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். அவள் வீட்டில் பார்த்ததை இங்கே செய்கிறாள். மறுநாள் குழாய் நிஜமாகவே வராமல் செய்யலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது அவள் வைத்துக்கொண்ட கதை. செயலி அதில் தலையிடத் தேவையில்லை.

ஊஞ்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கூடத்தின் நடுநாயகம் அதுதான். இரும்புச் சங்கிலியில் தொங்கும் பலகை ஊஞ்சல். சும்மா இடவலமாக அசையும் அனிமேஷன் போட்டால் உயிரே இல்லை. தள்ளின வேகத்துக்கு ஏற்ப ஆட வேண்டும்; பாதியில் பிடித்தால் நிற்க வேண்டும். ஊசல் கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் படம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும், கோணத்தின் சைன் மதிப்பை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கிச் சங்கிலி நீளத்தால் வகுத்து, ஒரு ஃபிரேமின் நேரத்தால் பெருக்கி, எதிர்த்திசையில் கோண வேகத்தோடு கூட்ட வேண்டும். சங்கிலி 2 மீட்டர் என்றால் ஒரு முறை போய்வர 2.8 வினாடி ஆகும். செயலி என்பதால் வேகமாக இருக்கட்டும் என்று ஒன்றரை வினாடியாகவும் வைத்துப் பார்த்தேன். சின்னப் பொம்மை ஊஞ்சல் போலப் படபடத்தது. நிஜ வீட்டின் 2.8 வினாடியே சரி. அந்த நிதானத்தைப் பார்த்துக் குழந்தையின் கையும் நிதானமாகிறது. கோணம் 25 பாகைக்கு மேல் போகாது. அதற்கு மேல் தள்ளினால் தள்ளல் மெல்லக் கரைந்துவிடும். கை எடுத்த பிறகு அரை நிமிடத்தில் ஓய்ந்து நிற்கிற அளவுக்கு உராய்வு.

பலகையில் ஆளை உட்கார வைத்தால், அந்த ஆளை ஊஞ்சலின் கிளையாக மாற்ற வேண்டும், அதாவது ஊஞ்சலோடு சேர்ந்து நகரும்படி இணைக்க வேண்டும், இருக்கும் இடம் மாறாமல். கோடாட்டில் இதற்கு நேரடி வசதி உண்டு. அதோடு தொங்கும் கால்கள் பலகையை விடச் சில பாகை பின்தங்கி ஆடும்படி செய்தேன். சின்ன வேலைதான், ஆனால் அது வந்த பிறகுதான் ஊஞ்சலில் ஆள் உட்கார்ந்திருப்பதாகவே தெரிந்தது. சங்கிலிக் கிரீச் சத்தம் எப்போது வர வேண்டும் என்பதற்கு நிஜ ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டேன். ஓரத்துக்குப் போய்த் திரும்பும் கணத்தில்தான் வருகிறது. அதனால் கோண வேகம் திசை மாறும் ஃபிரேமில் ஒலியைத் தொடங்கி, எவ்வளவு உயரம் போனதோ அவ்வளவு சத்தம் வைத்தேன். ஆட்டம் அடங்க அடங்கச் சத்தமும் தேய்ந்துவிடும்.

ஒலிகள் எல்லாமே வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் போனில் பதிவு செய்தவை. நாதாங்கி, கிணற்று ராட்டினம், டம்ளர் டபரா, முறத்தில் அரிசி புடைப்பது. இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒன்று, பதிவின் தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை முழுக்க வெட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் ஒலி வெளிவருவதில் ஏற்கெனவே சின்னத் தாமதம் இருக்கிறது. அதோடு இதுவும் சேர்ந்தால் தொட்டதும் கேட்டதும் ஒட்டாது. சின்ன ஒலிகளை ஓக் கோப்பாகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே விட்டேன். இன்னொன்று, அம்மியின் ஒலி. ஹெட்போனில் அருமையாக இருந்தது, டேப்லெட்டில் கேட்கவே இல்லை. கல்லோடு கல் உருளும் அந்தக் கனத்த ஒலி முழுக்கத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது; சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. மைக்கைக் குழவிக்குப் பக்கத்தில் வைத்து, மிளகாய் அரைபடும் அந்தச் சரசரப்பைப் பதிவு செய்ததும் சரியாகிவிட்டது. ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் பெரியவர்களுக்குத் தலைவலி வரும். அதனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பதிவு வைத்து, சுருதியைக் கொஞ்சம் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டேன்.

பின்னணி இசை வைக்கவில்லை. ஆட்களுக்குப் பேச்சும் இல்லை. முதலில் பாட்டிக்கு 'சாப்பிட்டியா' என்று ஒரு குரல் வைத்திருந்தேன். அது வந்ததும் குழந்தை பேச்சை நிறுத்திவிட்டு அடுத்து என்ன சொல்லப்போகிறது என்று திரையையே பார்த்தது. எடுத்துவிட்டு 'ம்ம்', 'ஆ', கொட்டாவி, சிரிப்பு மட்டும் விட்டேன். இப்போது பாட்டிக்கும் பூனைக்கும் குழந்தையே பேசுகிறது. காகமும் அணிலும் தூரத்தில் கேட்கும், அது போதும்.

கிணறும் அடுப்பும் நிறைய யோசிக்க வைத்தன. குழந்தைகள் பொம்மையைக் கிணற்றில் போடுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். கிணற்றையே எடுத்துவிடலாம், ஆனால் ராட்டினமும் வாளியும் இல்லாமல் கிணற்றடி எதற்கு? பல வீடுகளில் இருப்பது போலக் கிணற்றின் மேல் கம்பி வலை போட்டேன். வாளி மட்டும் போகிற அளவுக்கு ஒரு திறப்பு. ஆளை மேலே வைத்தால் வலையில் துள்ளி, பக்கத்துத் தரையில் வந்து நிற்பார். திரும்பத் திரும்ப வைத்தாலும் அதேதான். அடுப்பில் தீ, பாத்திரம் வைத்தால் மட்டும் எரியும். ஆளின் கை பக்கத்தில் போனால் அவர் கையை வெடுக்கென்று இழுத்து 'உஸ்' என்று ஊதிக்கொள்வார். பயமுறுத்தவில்லை, பாடமும் நடத்தவில்லை. வீட்டில் பெரியவர்கள் செய்வது அதுதான்.

சாப்பாட்டுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. தோசையை வாயருகே கொண்டுபோனால், தொடும் முன்பே, இரண்டு சென்டிமீட்டர் தூரத்திலேயே வாய் திறக்க வேண்டும். அந்த வாயைப் பார்த்துத்தான் குழந்தைக்கு 'ஊட்டலாம்' என்று தெரிகிறது. மூன்று கடியில் தோசை தீரும். தீர்ந்தவை எல்லாம் அலமாரியை மூடித் திறந்தால் திரும்ப இருக்கும். பசி என்ற அளவு எங்கேயும் இல்லை. ஊட்டாவிட்டாலும் யாரும் வாடமாட்டார்கள். நேரத்துக்குச் சோறு போடாவிட்டால் சோர்ந்து படுக்கும் செல்லப் பிராணி விளையாட்டுகள் நிறைய உண்டு. குழந்தையைத் திரும்ப வரவழைக்க அது நல்ல வழிதான், ஆனால் அப்படி வரவழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

படங்களின் எடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு ஐந்து துண்டு, ஒவ்வொன்றும் 2048க்கு 1536 பிக்சல். கோடாட்டின் இயல்பான அமைப்பில் ஒரு துண்டு நினைவகத்தில் 12 எம்பி பிடிக்கும். இடிசி2 என்ற படச் சுருக்க முறையில் அது 3 எம்பி. சுவர், ஓடு, தரைக்கு அதைக் கொடுத்தேன். முகங்களில் அந்தச் சுருக்கம் கண்ணோரக் கோடுகளை அரித்துவிடுகிறது; ஆட்களின் படங்களைச் சுருக்காமல் விட்டேன்.

குழந்தை விட்ட இடத்தில் வீடு அப்படியே இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு எந்த நேரத்திலும் செயலியை மூடிவிடும் என்பதால் ஒவ்வொரு பொருளையும் கீழே வைத்த உடனேயே சேமிக்கிறது. முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுதாக எழுதிய பிறகே பழைய கோப்பின் பெயருக்கு மாற்றும். பாதி எழுதும்போது சார்ஜ் தீர்ந்தாலும் பழைய வீடு பத்திரமாக இருக்கும். திறக்கும்போது எந்தப் பொருளாவது எல்லைக்கு வெளியே இருந்தால், அல்லது புதிய பதிப்பில் சேர்ந்ததாக இருந்தால், திண்ணைக்கு வந்துவிடும்.

எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதும் செய்பவர் யோசிக்க வேண்டிய விஷயம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல், 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. பூட்டுப் போட்டு வெளியே தள்ளினால் அழுகைதான் வரும். எனவே 20 நிமிடத்தில் வீட்டுக்குச் சாயங்காலம் வரும்படி செய்தேன். முற்றத்து வெளிச்சம் மஞ்சளாகி மங்கும், ஆட்கள் கொட்டாவி விடுவார்கள், பாயில் கிடத்தினால் கண் மூடுவார்கள். எல்லாரும் தூங்கிவிட்டால் வீட்டில் தொட்டு ஆட அதிகம் இருக்காது. சில குழந்தைகள் ஒவ்வொருவராகப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டுத் தாமாகவே டேப்லெட்டைக் கீழே வைக்கிறார்கள். சிலர் எல்லாரையும் எழுப்பி மறுபடி ஆரம்பிக்கிறார்கள். பகல் உடனே வராது, விளக்கொளியில்தான் விளையாட வேண்டும். நேரத்தைப் பெற்றோர் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பெற்றோர் பக்கத்தில் மட்டும்தான் எழுத்து இருக்கிறது; மூலையிலுள்ள குறியை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் திறக்கும். கோடாட் 3-இல் தமிழ் எழுத்துகள் சரியாகக் கோத்து வராது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 4-இல் அந்தப் பிரச்சினை இல்லை. விளம்பரம் இல்லை, உள்ளே வாங்குவதற்கு ஒன்றுமில்லை, இணைய அனுமதியே செயலி கேட்பதில்லை. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும், அவர்களைப் பின்தொடரக் கூடாது. எதையும் சேகரிக்காத செயலிக்கு அந்தக் கவலையும் இல்லை.

பிளே ஸ்டோரில் தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்கள், பொதுவில் வெளியிடும் முன் 12 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனை, அதாவது அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை, நடத்த வேண்டும். இப்போது அதில்தான் இருக்கிறேன். சோதனைக்குச் சேர்ந்த பெற்றோர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: குழந்தைக்கு எதையும் சொல்லித் தராதீர்கள், அவர்கள் எதைத் தொட்டு ஒன்றும் நடக்கவில்லையோ அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். வந்த பட்டியலில் முதலிடம் துளசி மாடத்து விளக்குக்கு. ஊதினால் அணைய வேண்டுமாம், விரலால் தொட்டால் போதாதாம். மைக் அனுமதி கேட்க எனக்கு மனமில்லை; அதனால் ஓர் ஆளை விளக்கருகே கொண்டுபோனால் அவர் ஊதுகிறார். இரண்டாவது, கொல்லையில் கட்டியிருக்கும் கன்றுக்குட்டி. அதற்கு உணவு ஏற்கும் குணம் கொடுத்திருந்தேன், ஆனால் வைக்கோலை அந்தப் பட்டியலில் உணவாகச் சேர்க்கவில்லை. சேர்த்தாயிற்று. வால் ஆட்டத்தை இந்த வாரம் வரைகிறேன்.